கல்லீரல் மாற்றுக்குப் பிறகு மாத்திரை: தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா, நிறுத்துவதா?

கல்லீரல் மாற்று அறுவை முடிந்து ஐந்தாறு வருடம் சிக்கலில்லாமல் ஓடிவிட்டால் பலருக்கும் ஒரு கேள்வி வருகிறது. எல்எஃப்டி (கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது, வேலைக்குப் போய் வருகிறார், பசி தூக்கம் எல்லாம் சரி. புதுக் கல்லீரலை உடம்பு தாக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை மட்டும் காலையும் இரவும் நின்றபாடில்லை. அதோடு கை லேசாக நடுங்குகிறது, முன்பு இல்லாத சுகர் வந்திருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் ஏறுகிறது. "கல்லீரல்தான் உடம்போடு ஒத்துப்போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த மாத்திரை?"

இது அசட்டுக் கேள்வி இல்லை. சிறுநீரகமோ இதயமோ மாற்றியவர் கேட்டால் டாக்டர் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார். கல்லீரலில் விஷயம் கொஞ்சம் வேறு. 1969-லேயே இங்கிலாந்தின் ராய் கால்ன் குழு பன்றிகளுக்குக் கல்லீரலை மாற்றிப் பார்த்து, மருந்தே இல்லாமலும் சில பன்றிகள் நீண்ட காலம் பிழைத்ததைக் காட்டியது. குடலிலிருந்து வரும் அத்தனை அந்நியப் பொருளையும் தினமும் சந்திக்கும் உறுப்பு கல்லீரல். எல்லாவற்றோடும் சண்டைக்குப் போகாமல் இருக்கும் இயல்பு அதற்குக் கூடுதலாகவே உண்டு. 1990-களில் பிட்ஸ்பர்கில் தாமஸ் ஸ்டார்ஸல் குழு இன்னொன்றைக் கவனித்தது: டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை விட்டவர்களில் சிலர் வருடக்கணக்கில் நன்றாக இருந்தார்கள். அதன்பிறகுதான் கண்காணிப்போடு மருந்தைக் குறைத்துக்கொண்டே போகும் ஆய்வுகள் தொடங்கின.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு முழுதாக நிறுத்துவதைவிட, தேவையான மிகக் குறைந்த அளவுக்கு இறக்குவதில்தான் லாபம் அதிகம், ஆபத்து குறைவு. முழுதாக நிறுத்துவது ஒரு சிறு கூட்டத்துக்கான வழி. அதுவும் பயாப்ஸி (கல்லீரலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்துப் பார்க்கும் மையத்தின் கண்காணிப்பில்தான். ஏன் என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

இருப்பதை அப்படியே தொடர்வது

இது பாதுகாப்பான தேர்வு மாதிரித் தெரியும். கல்லீரலைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் மாத்திரை கல்லீரலோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் உறுப்பு மாற்று செய்துகொண்ட ஏராளமானோரைத் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளிவந்த ஆய்வில், கல்லீரல் மாற்று நடந்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானவர்கள் 18%. பழுது முழுவதும் மருந்தால் வந்ததல்ல. அறுவைக்கு முன்பே சிறுநீரகம் அடிவாங்கியிருக்கும், சுகரும் பிரஷரும் சேர்ந்திருக்கும். இருந்தாலும் டாக்ரோலிமஸ், அதே வகை மருந்தான சைக்ளோஸ்போரின் இரண்டுக்கும் அதில் பங்கு உண்டு. தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், காசநோய் மாதிரித் தொற்றுகள் எல்லாமே மருந்தின் மொத்தச் சுமையோடு சேர்ந்து கூடுகின்றன.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பலர் ஐந்தாம் வருடத்திலும் முதல் வருடத்து அளவிலேயே இருக்கிறார்கள். அறுவை முடிந்த முதல் மாதங்களில் டாக்ரோ லெவல் (ரத்தத்தில் டாக்ரோலிமஸ் இருக்கும் அளவு) 8 முதல் 10 வரை இருப்பது நியாயம், நிராகரிப்பு, அதாவது புதுக் கல்லீரலை உடம்பு எதிர்த்துத் தாக்குவது, அதிகம் வரும் காலம் அது. அதே எண் ஆறாம் வருடத்திலும் ரிப்போர்ட்டில் இருந்தால், பல நேரம் அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்காது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தொடர்வது என்று முடிவெடுத்துத் தொடர்ந்தால் சரி. பழக்கத்தால் தொடர்வதை ஒரு முடிவு என்று சொல்ல முடியாது.

குறைப்பது

பெரும்பாலோர் உண்மையில் கேட்க வேண்டியது இதைத்தான். கல்லீரல் ஒருவகையில் தாராளமான உறுப்பு. காலம் போகப் போகக் குறைந்த மருந்திலேயே அடங்கி இருக்கும். ஸ்டீராய்டை வழக்கமாக முதல் சில மாதங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள், ஆட்டோ இம்யூன் நோய்க்காக (சொந்த எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்) மாற்று செய்தவர்கள் இதற்கு விலக்கு. அப்புறம் இரண்டு மருந்து போடுபவர் ஒரே மருந்துக்கு வருவார். டாக்ரோலிமஸ் மட்டும் என்ற நிலையில் லெவல் 5-ஐ ஒட்டி, சிலருக்கு அதற்கும் கீழே, வருடக்கணக்கில் ஓடும்.

குறைக்கும் முறையில் நுணுக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் சில வாரத்தில் எல்எஃப்டி பார்க்க வேண்டும். அது அசையாமல் இருந்தால் மட்டுமே அடுத்த படி. டாக்ரோலிமஸையும், அதோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபெனலேட்டையும் ஒரே வாரத்தில் குறைத்துவிட்டு, எல்எஃப்டியில் உள்ள எஸ்ஜிபிடி என்ற எண் ஏறினால், எதைத் திருப்பிக் கூட்டுவது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, லெவலை நம்பித்தான் அளவு குறைக்கிறோம். அந்த எண்ணே தப்பாக இருந்தால் எல்லாம் தப்பு. ரத்தம் கொடுக்க வேண்டியது காலை மாத்திரைக்கு முன்னால். வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு லெவல் பொய்யாக ஏறி நிற்கும், டாக்டர் அதைப் பார்த்து அளவைக் குறைப்பார், உண்மையான லெவல் தரைக்குப் போய்விடும். வயிற்றுப்போக்கிலும் டாக்ரோ லெவல் ஏறும். அந்த வாரத்து ரிப்போர்ட்டை வைத்து நிரந்தரமாக அளவை மாற்றக் கூடாது. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் லெவலைத் தூக்கும். தொண்டை வலிக்கு எழுதிக்கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோலும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் நேர் எதிர், லெவலை இழுத்துத் தரையில் போடும். காசநோய் அரிதல்லாத நம் ஊரில் இந்த ரிஃபாம்பிசின் விஷயம் முக்கியம். காசநோய் மருந்து எழுதும் டாக்டருக்கு மாற்று அறுவை நடந்தது தெரிந்தே ஆக வேண்டும். மெடிக்கலில் வேறு கம்பெனி டாக்ரோலிமஸைக் கொடுத்தாலும் ஒரு முறை லெவல் பார்ப்பது நல்லது. ஒரே கம்பெனியில் நிற்பது அதைவிட நல்லது.

இந்த வழியின் பெரிய வசதி, சறுக்கினால் திரும்பி ஏற இரண்டே படிதான். முழுதாக நிறுத்தியவருக்கு அந்த ஏணி நீளம்.

மருந்தை மாற்றுவது

கவலை சிறுநீரகம் என்றால் இதுவும் ஒரு வழி. டாக்ரோலிமஸை நன்றாகக் குறைத்து, அந்த இடத்தில் எதிர்ப்பை வேறு வழியில் அடக்கும் எவரோலிமஸோ மைக்கோஃபெனலேட்டோ சேர்ப்பார்கள். எவரோலிமஸைக் குறைந்த டாக்ரோலிமஸோடு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் சிறுநீரகம் மேலாக இருந்தது, நிராகரிப்பு கூடவில்லை. அதே ஆய்வில் டாக்ரோலிமஸை அறவே விட்டுவிட்டு எவரோலிமஸில் மட்டும் நிறுத்தப் பார்த்த பிரிவு ஒன்றும் இருந்தது. அங்கே நிராகரிப்பு கூடியதால் அந்தப் பிரிவில் ஆள் சேர்ப்பதை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

விலை இல்லாத மருந்து எதுவும் கிடையாது. எவரோலிமஸ், அதே வகையைச் சேர்ந்த சிரோலிமஸ் இரண்டிலும் வாய்ப்புண், கொலஸ்ட்ரால் ஏற்றம், சிறுநீரில் புரதம் கசிவது, காயம் ஆறத் தாமதிப்பது எல்லாம் உண்டு. ஹெர்னியா அறுவைக்கு நாள் குறித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மைக்கோஃபெனலேட்டில் வயிறு கெடும், வெள்ளையணுக்கள் குறையும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் குறைந்தது 6 வாரத்துக்கு முன்பே அதை விட்டாக வேண்டும், குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து இருப்பதால். அவர்கள் நிறுத்துவது அந்த ஒன்றை மட்டும்தான். டாக்ரோலிமஸும், எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான அசத்தியோப்ரினும் கர்ப்பத்திலும் தொடரும்.

கல்லீரல் புற்றுநோய்க்காக மாற்று செய்தவர்களிடம் "சிரோலிமஸ் புற்றுநோயைத் தடுக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வில் முதல் சில வருடங்களில் கொஞ்சம் நன்மை தெரிந்தது, ஐந்து வருடத்துக்கு அப்புறம் நிலைக்கவில்லை. அதை மட்டும் நம்பி மருந்தை மாற்ற வேண்டியதில்லை.

சிறுநீரகத்துக்காக மாற்றுவதானால் சீக்கிரம் மாற்ற வேண்டும். கிரியாட்டினின் 2.5-ஐத் தொட்ட பிறகு எந்த மருந்தை விட்டாலும் பழைய சிறுநீரகம் திரும்பாது.

கண்காணிப்போடு முழுதாக நிறுத்துவது

இங்கேதான் ஆர்வமும் குழப்பமும் அதிகம். எண்களை யாரிடமிருந்து வந்தன என்று பார்க்காமல் படித்தால் ஏமாந்துபோவோம்.

பிட்ஸ்பர்க் குழு 1997-ல் சொன்ன கணக்கில், தேர்ந்தெடுத்த 95 பேரில் 18 பேர் மருந்தே இல்லாத நிலையை எட்டியிருந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில், பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற குழந்தைகள் பெரும்பான்மையாக இருந்த 63 பேரில் 24 பேர். அமெரிக்காவில் 2012-ல் வெளிவந்த விஸ்ப்-ஆர் ஆய்வில் தாயோ தந்தையோ கொடுத்த கல்லீரலோடு வாழும் 20 குழந்தைகளில் 12 பேர், அதாவது 60%. செய்திகளில் அடிபடுவது இந்த 60 என்ற எண்தான். அதே குழு பின்னர் 88 குழந்தைகளோடு செய்த ஐவித் ஆய்வில், மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரலைப் பெற்றவர்களும் இருந்தார்கள். அதில் தேறியவர்கள் 33 பேர், 37.5%.

பெரியவர்களில் ஐரோப்பாவில் 2013-ல் வந்த ஆய்வு முக்கியமானது. 98 பேரில் 41 பேருக்கு, அதாவது 40 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்களுக்கு, நிறுத்த முடிந்தது. இந்த மொத்தக் கணக்கைவிட உள்ளே இருக்கும் பிரிவுதான் பயனுள்ளது. மாற்று நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்களில் கிட்டத்தட்ட 80% பேர் தாங்கிக்கொண்டார்கள், ஆறு வருடம்கூட ஆகாதவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர்தான். வயது கூடக் கூட வாய்ப்பும் கூடியது. ஒன்றிரண்டு வருடத்திலேயே குறைக்கத் தொடங்கிய அமெரிக்காவின் ஏ-விஷ் ஆய்விலும் இதே கதைதான்: 77 பேரில் 10 பேர், 13%. ஆக, அவசரப்பட்டால் வாய்ப்பு சுருங்குகிறது, காத்திருந்தால் விரிகிறது. ஆனால் பத்து வருடம் காத்திருப்பதற்குள் சிறுநீரகம் பாதி போயிருக்கலாம். நிறுத்துவதால் அதிகம் பயன்பெறக்கூடிய காலத்தில் நிறுத்த முடிவதில்லை. இந்தச் சிக்கலுக்கு இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை.

யார் தாங்குவார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் டெஸ்டும் கிடையாது. பயாப்ஸியில் சில மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில் ஐரோப்பாவில் லிஃப்ட் என்ற ஆய்வு தொடங்கப்பட்டது. அந்த டெஸ்டின் கணிப்பு பலிக்கவில்லை, ஆய்வைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள்.

தோற்றால் என்ன ஆகும்? இந்த ஆய்வுகளில் நிராகரிப்பு வந்தவர்கள் பெரும்பாலும் லேசான நிலையிலேயே பிடிபட்டார்கள். மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் அடங்கியது. 2013-ன் ஐரோப்பிய ஆய்வில் நிராகரிப்பால் யாரும் கல்லீரலை இழக்கவில்லை. ஏன்? இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்தார்கள், எண் அசைந்த உடனே பயாப்ஸி செய்தார்கள், அளவைப் பல மாதம் இழுத்துச் சிறு படிகளாக இறக்கினார்கள். இந்த ஏற்பாடுதான் அவர்களைக் காப்பாற்றியது. இது இல்லாமல் அந்த 40 சதவீதத்தைத் தனக்குப் பொருத்திப் பார்ப்பது சரியில்லை. லேசானதாக இல்லாத நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டை ஊசியாக, பெரிய அளவில் ஏற்ற வேண்டிவரும். சுகருக்குப் பயந்து மாத்திரையை விட்டவர் அந்த மாதம் இன்சுலினில் முடியக்கூடும். பிறகு பழையதைவிடக் கூடுதல் டாக்ரோலிமஸில் நிலைகொள்ளவும் நேரலாம்.

ஜெயித்தாலும் வேலை முடிவதில்லை. எல்எஃப்டி சரியாக இருந்தால் கல்லீரல் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஐவித் ஆய்வில் சேர வந்த குழந்தைகள் எல்லோருக்கும் ரத்த ரிப்போர்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பயாப்ஸியில் மறைவான அழற்சி தெரிந்ததால் கணிசமானவர்களைச் சேர்க்கவே இல்லை. கியோட்டோவில் மருந்தை விட்டு நன்றாக இருப்பதாகக் கருதப்பட்ட குழந்தைகள் சிலரின் பயாப்ஸியில் தழும்பு கூடியிருந்தது, அவர்களுக்கு மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டிவந்தது. விஸ்ப்-ஆர் குழந்தைகளில் ஐந்து வருடத்துக்கு மேலான பயாப்ஸிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்பது ஆறுதல். எப்படியானாலும் மாத்திரையை விட்டவர் ஆஸ்பத்திரியை விட முடியாது. ரத்தப் பரிசோதனை ஆயுள் முழுக்க, இடையிடையே பயாப்ஸி. 5 என்ற லெவலில் ஒரே மாத்திரை போடுபவரோடு ஒப்பிட்டால், கிடைக்கும் கூடுதல் லாபம் பலரும் நினைப்பதைவிடச் சிறியது. ஏற்கெனவே குறைந்த அளவில் இருந்தவர்கள் நிறுத்திய பிறகு சிறுநீரகம் பெரிதாக மேலேறியதாகவும் பல ஆய்வுகளில் தெரியவில்லை.

யாருக்கு எது?

பித்தநாளம் சரியாக உருவாகாமல் பிறந்து, சின்ன வயதிலேயே அம்மாவின் கல்லீரல் துண்டைப் பெற்று, இன்று பன்னிரண்டு வயதாகும் குழந்தை. நிராகரிப்பு வந்ததில்லை, ஒரே மருந்து. நிறுத்துவது பற்றிப் பேச மிகப் பொருத்தமான நபர் இந்தக் குழந்தைதான். வாழ்நாள் முழுக்கச் சேரப்போகும் மருந்துச் சுமையை நினைத்தால் பயாப்ஸியின் சிரமம் தாங்கத்தக்கது. 1998-ல் டெல்லி அப்பல்லோவில் தந்தையின் கல்லீரல் துண்டைப் பெற்ற காஞ்சிபுரத்துக் குழந்தையிலிருந்துதான் இந்தியாவில் இந்த அறுவையின் வெற்றிக் கணக்கு தொடங்குகிறது. இன்றும் இங்கே பெரும்பாலான கல்லீரல் உயிரோடு இருக்கும் உறவினரிடமிருந்தே வருகிறது. "அதனால் 60% எங்களுக்கும் பொருந்தும்" என்று பெரியவர்கள் கணக்குப் போட வேண்டாம். அந்த எண் குழந்தைகளுடையது.

கொழுப்புக் கல்லீரலாலோ குடியாலோ கல்லீரல் போய், மாற்று நடந்து ஆறு வருடமான ஐம்பது வயதுக்காரர், கிரியாட்டினின் 1.5. இவருக்கு நான் குறைப்பதையும், போதாவிட்டால் எவரோலிமஸ் சேர்ப்பதையும்தான் சொல்வேன். அதோடு சுகர், பிரஷரை இறுக்கிப் பிடித்தால், நிறுத்துவதால் கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர், மாற்று நடந்து பதினாலு வருடம், இப்போது தோலில் புற்றுநோய் வந்து வந்து போகிறது. பெரியவர்களில் நிறுத்துவதற்கு வலுவான வாதம் இவரிடம் இருக்கிறது. வயது, காலம், காரணம் மூன்றும் சேர்கின்றன.

ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ், பித்தநாளங்களை மெல்ல அழிக்கும் பிபிசி, பிஎஸ்சி இவற்றால் மாற்று செய்தவர்கள் நிறுத்தும் பேச்சையே எடுக்க வேண்டாம். இவர்களுக்கு மாத்திரை புதுக் கல்லீரலைப் பழைய நோயிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில், நோய் எதிர்ப்பை அடக்கும் ரெகுலேட்டரி டி செல்களைப் பெருக்கி உடம்பில் ஏற்றி, பிறகு மருந்தை விலக்கிய ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. பத்து பேரில் ஏழு பேருக்குப் பலித்தது. பலிக்காத மூன்று பேரும் இந்த வகை நோய்க்காரர்கள். இந்தச் செல் சிகிச்சை இன்னும் ஆய்வுக்கூடத்துச் சரக்குதான், காசு கொடுத்து வாங்கும் நிலையில் இல்லை.

டாக்டர்களே சட்டென்று நிறுத்தும் சந்தர்ப்பங்களும் உண்டு. உயிருக்கே ஆபத்தான தொற்று, மாற்றுக்குப் பின் வரும் நிணநீர்ப் புற்றுநோய் இரண்டிலும் மருந்தைக் குறைப்பதே சிகிச்சையின் முதல் படி. அது வேறு கணக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் நடப்பது.

தானாக நிறுத்துவது

இதை ஒரு வழி என்று சேர்ப்பதற்கே தயக்கம். ஆனால் நடப்பதென்னவோ இதுதான் அதிகம். பதினாறு, பதினேழு வயதில் பிள்ளைகள் மாத்திரையைத் தவிர்ப்பது உலகம் முழுக்க உள்ள பிரச்சினை. அப்பா அம்மா கையிலிருந்து மாத்திரை டப்பா பிள்ளை கைக்கு மாறும் காலம் அது. பணமுடையால் ஒருவேளை மட்டும் போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் மலிவான மாற்று மருந்துக்கு வழி உண்டு. எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கொடிப் பொடியைத் தொடங்குபவர்கள் இன்னொரு வகை. மாத்திரை எதை அடக்கப் பார்க்கிறதோ அதைத் தூண்டிவிடும் பொடி அது. கொரோனா காலத்தில் அதைச் சாப்பிட்ட சிலருக்கு ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் போன்ற கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021-ல் மும்பை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி-யால் மாற்று செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என்டெகாவிர், டெனோஃபோவிர் இரண்டும் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளே இல்லை, வைரஸைத் தடுப்பவை. "மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன்" என்று அதையும் சேர்த்து விட்டால் வைரஸ் திரும்பி வந்து புதுக் கல்லீரலைப் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: அரிப்பு, மஞ்சள் கண், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நிராகரிப்பு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பயந்துபோய்ப் பழைய அளவைத் தானே தொடங்கவும் வேண்டாம். மாற்று அறுவை செய்த மையத்துக்கு இன்றே போன் செய்யுங்கள். எத்தனை நாளாக விட்டீர்கள், இடையில் வேறென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எல்எஃப்டி பார்த்து, தேவையானால் பயாப்ஸியும் செய்து, எந்த அளவில் தொடங்குவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.